திரைக்குப் பின்னாலிருந்து ஒரு கை

உங்க நம்பர் என்ன தம்பி? பதினேழா? கழுத்தைப் பிடிச்சுக்கிட்டு இருக்கீங்க, வலியா? அப்ப தாராளமா உக்காருங்க. இப்பத்தான் பதினஞ்சு உள்ள போயிருக்கு. இந்தச் சின்சே ஒரு ஆளுக்கு இருபது நிமிஷம், இருபத்தஞ்சு நிமிஷம் எடுத்துக்குவாரு. மத்த சீன வைத்தியருங்க மாதிரி கையைப் பாத்தோமா மருந்தைக் கட்டினோமான்னு இல்ல. கேள்வி கேட்டுக்கிட்டே இருப்பாரு. என்ன கனவு வந்துதுன்னுகூடக் கேப்பாரு. நான் இதைப் புகாரா சொல்லலை. நேரம் எப்படிப் போகுதுன்னு உங்களுக்குத் தெரியணும், அவ்வளவுதான்.

நானா? நான் நோயாளி இல்ல. கையில நம்பர் இருக்கேன்னு பாக்காதீங்க. நம்பர் எடுக்காதவங்களை இந்த பெஞ்சில உக்கார விட மாட்டாங்க, அதனால எடுத்தேன். எனக்குப் பதினாறு. கூப்பிட்டா உங்களை உள்ள அனுப்பிடுறேன், கவலைப்படாதீங்க. நாலு செவ்வாய்க்கிழமையா அப்படித்தான். பக்கத்துல யாரு இருக்காங்களோ அவங்களை அனுப்பிடுவேன். பாவம், வலியோட வந்திருப்பாங்க. நான் வந்தது இந்தச் சின்சேகிட்ட ஒரு உண்மையைச் சொல்லிட்டுப் போறதுக்கு. அவரு ஒரு தப்பு பண்ணியிருக்காரு. வைத்தியத்துல தப்பு நடந்தா எடுத்துச் சொல்ல ஒரு ஆளு வேணும். என்னை விட்டா இந்த ஊர்ல அதுக்கு யாரு இருக்கா?

இல்லல்ல, ஷூவைக் கழட்டச் சொல்லாதீங்க. எல்லாரும் வாசல்லயே செருப்பை விட்டுட்டு வர்றாங்க, தெரியும். நான் மட்டும் ஷூவோடதான் உக்காருவேன். கால்ல ஒரு சின்னக் கட்டு போட்டிருக்கேன். நானே போட்டது.

என் பேரு தணிகாசலம். டிரெசர் தணிகாசலம்னு சொன்னாத்தான் தெரியும். ஒன்பதாங்கட்டைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில முப்பத்தொரு வருஷம். நீங்க கோலாலம்பூர்ல பொறந்து வளந்தவரா? அப்ப டிரெசர்னா தெரியாதுதான். தோட்டத்துக்கு டாக்டர் மாசத்துக்கு ஒரு தடவை கார்ல வந்து கையெழுத்துப் போட்டுட்டு, ஒரு இளநி குடிச்சுட்டுப் போயிடுவாரு. மத்த நாளெல்லாம் டாக்டர் நான்தான். மருந்து கலக்குறது, ஊசி போடுறது, புண்ணைக் கழுவிக் கட்டுறது, இவன் வேலைக்குப் போகலாம் இவன் படுக்கலாம்னு சீட்டு எழுதுறது, எல்லாம் நான்.

என் ஆஸ்பத்திரியில ஒரே சட்டம். நோயாளி பேசக்கூடாது. சிரிக்காதீங்க, யோசிச்சுப் பாருங்க. காலையில பெரட்டுல பேர் கூப்பிடுறதுக்குள்ள நாப்பது பேரு வரிசையில நிக்குறாங்க. ஆளாளுக்கு எனக்கு அங்க குத்துது, இங்க இழுக்குதுன்னு கதை சொல்ல ஆரம்பிச்சா அன்னைக்கு ரப்பர் மரத்துல பால் வெட்டுறது யாரு? வந்து நின்னதும் "நாக்கை நீட்டு"ம்பேன். நாக்கை நீட்டிட்டா மனுஷன் பேச முடியாது. நாக்கு வெள்ளையா இருந்தா வெள்ளை மிக்சர். மத்த எந்த நாக்கா இருந்தாலும் செவப்பு மிக்சர். நிமிஷத்துக்கு ரெண்டு பேரு. மேனேஜர் துரை ஒருநாள் வாசல்ல நின்னு கைக்கடிகாரத்தைப் பாத்துட்டு, தலையை ஆட்டிட்டுப் போனாரு. அவரு தலையை ஆட்டினா அது பெரிய விஷயம்.

சின்னப்பன்னு ஒருத்தன். மூணு நாள் தொடர்ந்து வந்தான். மூணு நாளும் நாக்கை நீட்டினான், வெள்ளை மிக்சரைக் குடிச்சான், போனான். நாலாவது நாள் உள்ள குடல்வால் வெடிச்சு, லோரியில போட்டு ஈப்போ பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. பொழைச்சுட்டான். ஆனா இன்னிக்கு வரைக்கும் என்னை ரோட்டுல பாத்தா அந்தப் பக்கம் தாண்டிப் போயிடுறான். வயித்துல வலது பக்கம் வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே மொத நாள் அனுப்பியிருப்பேனே. சொல்லலை. நாக்கை நீட்டிக்கிட்டே நின்னான். அவன் தப்புக்கு என் மேல கோபம்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். ரிட்டயர் ஆகி இந்த டவுனுக்கு வந்து வீடு வாங்கினோம். வந்த கொஞ்ச நாள்ல என் சம்சாரம் செண்பகவல்லிக்குத் தூக்கம் வரலை, நெஞ்சுல ஏதோ அடைக்குதுன்னா. நான் மாத்திரை குடுத்தேன். தூங்கலை. வேற மாத்திரை குடுத்தேன். அதுக்கும் தூங்கலை. "நீ மருந்தோட ஒத்துழைக்க மாட்டேங்கிறே"ன்னு சொன்னேன். அவ என்னமோ சொல்ல வாயெடுத்தா. நாக்கை நீட்டச் சொன்னேன். நாக்கு நல்லாத்தான் இருந்தது.

பக்கத்து வீட்டுல லியோங் அம்மான்னு ஒரு சீனத்தி. நல்ல மனுஷி, எங்க வீட்டுக் கறிவேப்பிலையை வாரத்துக்கு ரெண்டு தடவை பறிச்சுக்கிட்டுப் போகும். அதுதான் இவளை இங்க கூட்டியாந்தது. எனக்குத் தெரியாமலே! வீட்டுல மண்சட்டி கொதிக்குது, கசப்பு வாடை தெரு முனை வரைக்கும் வருது, நான் என்னன்னு கேட்டா இவ முகத்துல ஒரு சிரிப்பு. "அந்த சின்சே என்கிட்ட அரைமணி நேரம் பேசினாருங்க. வாய் எப்பக் கசக்குது, காலையிலயா சாயங்காலமான்னு கேட்டாரு. பாதம் குளிருதா, உள்ளங்கை சுடுதா, யார் மேல கோபம், அழுகை வந்தா அழுதுடுவியா அடக்குவியான்னு எல்லாம் கேட்டாரு. முப்பது வருஷமா டிரெசர் பொண்டாட்டியா இருக்கேன். என்னை ஒருத்தர் இப்படிக் கேட்டது இன்னிக்குத்தான்"னு சொன்னா.

யார் மேல கோபம்னு சொன்னியான்னு கேட்டேன். அது எனக்கும் அவருக்கும் உள்ளதுன்னுட்டா.

மூணு வாரத்துல தூங்க ஆரம்பிச்சா. எனக்குத் தெரியும், நான் குடுத்தேன் பாருங்க ரெண்டாவது மாத்திரை, அது மெதுவா வேலை செய்யுற வகை. ஆனா நல்ல பேரு யாருக்குப் போச்சு? அதோ சுவத்துல பாருங்க, கறுப்புப் பலகையில தங்க எழுத்து, ஏழு எட்டு மாட்டியிருக்கே. அதெல்லாம் நோயாளிங்க பொழைச்சுப் போயி நன்றியா செஞ்சு குடுத்ததாம். நான் ரிட்டயர் ஆனப்ப தோட்டத்துல ஒரு சுவர்க்கடிகாரம் குடுத்தாங்க. அது நிமிஷ முள்ளு இல்லாத கடிகாரம். போகட்டும்.

லியோங் அம்மா ஒருநாள் கறிவேப்பிலை பறிக்க வந்தப்ப கேட்டேன், என்ன வைத்தியம் இது, நோயாளியை இப்படிப் பேச விட்டா டாக்டருக்கு என்ன மரியாதைன்னு. அது சிரிச்சுக்கிட்டே அவங்க தாத்தா காலத்துக் கதையெல்லாம் சொல்லிச்சு. அந்தக் காலத்துல சீனாவுல நோயாளி வீட்டுக்காரங்கதான் முதலாளியாம். இன்னிக்கு ஒரு வைத்தியரைக் கூப்பிடுவாங்களாம், நாளைக்கு ரெண்டாவது ஆளு, நாளன்னைக்கு மூணாவது ஆளு. மூணு பேரு எழுதின சீட்டையும் மேசையில வரிசையா வச்சு, மாமன் மச்சானெல்லாம் கூடி உக்காந்து பேசி, ஒண்ணை எடுத்துக்குவாங்களாம், மத்ததைத் தூக்கிப் போட்டுடுவாங்களாம். நோயைப் பத்தி ஒண்ணுமே சொல்லாம கையை மட்டும் நீட்டி, முடிஞ்சா கண்டுபிடின்னு உக்காந்திருக்கிற ஆளுங்களும் உண்டாம். பெரிய வீட்டுப் பொம்பளைங்க முகத்தையே காட்ட மாட்டாங்களாம். திரைக்குப் பின்னால உக்காந்து மணிக்கட்டை மட்டும் வெளிய நீட்டுவாங்களாம். சில குறும்புக்காரங்க வைத்தியரைச் சோதிக்க வேற ஆளு கையை உள்ள விட்டு நீட்டுவாங்களாம்.

எனக்குக் கேக்கவே பாவமா இருந்தது. வைத்தியருக்குப் பரீட்சை வைக்கிற நோயாளி! எங்க தோட்டத்துல எவனாவது எனக்குப் பரீட்சை வச்சிருந்தா அவனுக்கு விளக்கெண்ணெயைக் குடுத்துப் படுக்க வச்சிருப்பேன். ஆனா அந்தக் கடைசி விஷயம் மட்டும் மண்டையில நின்னுடுச்சு. ஏன்னா இங்கயும் திரை உண்டு தம்பி. அதோ, அந்த மூலையில, பச்சைத் துணி. கூச்சப்படுற பொம்பளைங்களுக்காக இன்னமும் வச்சிருக்காரு. அதுக்குப் பக்கவாட்டுல சந்துப் பக்கமா தனி வாசலே இருக்கு.

தீபாவளிக்கு முந்தின மாசம். என் கூட்டாளி பெரியண்ணன், அதே தோட்டத்துல ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணியா இருந்தவன், அவனைக் கூட்டு சேத்துக்கிட்டேன். அவன்தான் சின்சேகிட்ட, எங்க அத்தை வந்திருக்காங்க, ரொம்பக் கூச்ச சுபாவம், முகம் காட்ட மாட்டாங்க, பேசவும் மாட்டாங்க, கையை மட்டும் பாத்துச் சொல்லுங்கன்னு சொல்லணும். நான் சந்து வாசல் வழியா போயி உள்ள உக்காந்துக்கணும். சம்சாரத்தோட கண்ணாடி வளையல் ஆறு எடுத்து, சவுக்காரம் போட்டு மாட்டிக்கிட்டேன். கையில முடி இருந்தது. ஷேவ் பண்ணினேன். செய்யுற காரியத்தை அரைகுறையா செய்யக்கூடாது. கடிகாரம் கட்டின இடம் மட்டும் வெளுப்பா ஒரு பட்டை தெரிஞ்சுது, அதுக்குக் கொஞ்சம் பவுடர் போட்டேன், இன்னும் நல்லாவே தெரிஞ்சுது.

திரையோட இடுக்கு வழியா கையை நீட்டினேன். அந்தப் பக்கம் ஒரு குட்டித் தலையணை வச்சிருக்காரு, அது மேல என் கையை எடுத்து வச்சு மூணு விரலை வச்சாரு. மெதுவா வச்சாரு, அப்புறம் அமுக்கினாரு, அப்புறம் ஒவ்வொரு விரலா அமுக்கினாரு. ஒரு கோப்பி குடிச்சு முடிக்கிற நேரம். அப்புறம் அடுத்த கை. நான் ஒரு ஆளோட மணிக்கட்டை அவ்வளவு நேரம் பிடிச்சதே இல்ல. கல்யாணத்துல கூடப் பிடிச்சதில்ல.

பெரியண்ணன் கேட்டான், "சின்சே, எங்க அத்தைக்கு என்ன நோய்?"

"அவங்க சொல்ல மாட்டாங்களா?"

"நீங்களே கண்டுபிடிக்கணுமாம்."

சின்சே கோபப்படலை. சரின்னுட்டு, திரையைப் பாத்து, என்னைப் பாத்துத்தான், நல்ல மலாய்ல பேச ஆரம்பிச்சாரு. "அம்மா, உங்களுக்குத் தாகம் ஜாஸ்தி. குடிச்சாலும் அடங்காது. அடிக்கடி ஒண்ணுக்குப் போவீங்க. உடம்பு மெலியுது, பெல்ட் ஓட்டை ரெண்டு உள்ள போயிருக்கும். பாதம் பஞ்சு மேல நடக்குற மாதிரி இருக்கும். அம்மா, இதுக்கு என் மருந்து மட்டும் போதாது. இந்த வாரமே பெரியாஸ்பத்திரிக்குப் போயி ரத்தத்தைப் பாருங்க. இனிப்பு நீர், சக்கரை வியாதி. அசட்டையா விட்டா கால் போயிடும். அப்புறம் அம்மா, நீங்க யார் பேச்சையும் கேக்குற ஆள் இல்ல. அதுக்கு என்கிட்ட மருந்து கிடையாது." பெரியண்ணனுக்குத் திடீர்னு இருமல் வந்துடுச்சு. சின்சே மருந்தும் எழுதலை, காசும் வாங்கலை.

எத்தனை தடவை அம்மான்னாரு? மூணு தடவை. எண்ணிக்கிட்டேன்.

ஆம்பளைக்கும் பொம்பளைக்கும் வித்தியாசம் தெரியாத ஆளு, நாடியைப் பிடிச்சு நோயைச் சொல்றாராம்! சந்துக்கு வந்து நானும் பெரியண்ணனும் சிரிச்ச சிரிப்புல ஒரு வளையல் உடைஞ்சு கையைக் கீறிடுச்சு. நேரா கோப்பிக்கடைக்குப் போயி உக்காந்து, வந்தவன் போனவன்கிட்டயெல்லாம் சொன்னேன். ஒரு வாரம் நல்லாப் போச்சு.

பொம்பளைக்கு ஏது பெல்ட்டுன்னு கேக்குறீங்களா? அதான் நானும் சொல்றேன். எவ்வளவு பெரிய குழப்பம் பாருங்க அந்த மனுஷனுக்கு.

இல்ல, ரத்தம் பாக்கலை. அவசரப்படாதீங்க, காரணம் சொல்றேன். நம்ம ஆளுங்கள்ல பாதிப் பேருக்கு இனிப்பு நீர். கண்ணை மூடிக்கிட்டு எந்தத் தமிழன் கையைப் பிடிச்சுச் சொன்னாலும் பாதிக்குப் பாதி சரியா வரும். இப்ப நான் போயி ரத்தத்தைக் குடுத்து, தற்செயலா இனிப்பு இருக்குன்னு வந்துட்டா என்ன ஆகும்? அவரு கெட்டிக்காரருன்னு ஆயிடும். பரீட்சையே கெட்டுப்போயிடும். ஒரு பக்கமும் சாயாம இருக்கணும்னுதான் நான் பாக்கலை.

கதை எப்படியோ செண்பகவல்லி காதுக்குப் போச்சு. பெரியண்ணன் பொண்டாட்டி சொல்லியிருக்கும். சண்டை போடுவான்னு நினைச்சேன். போடலை. சோத்தைப் பரிமாறிட்டு எதுக்கால உக்காந்து ஒரே கேள்வி கேட்டா. "அந்தக் கையைப் பாத்து என்ன சொன்னாரு?"

"என்னைப் பொம்பளைன்னு நினைச்சுட்டாரு"ன்னேன்.

"அதைக் கேக்கலைங்க. கைக்கு என்னன்னு சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லலை. அவருக்கு என்ன தெரியும்?"

பெரியண்ணனைக் கேட்டிருக்கா. அவன்கிட்ட நான் ஏற்கெனவே சத்தியம் வாங்கியிருந்தேன், அம்மான்னு சொன்னதை மட்டும் சொல்லு, மிச்சத்தைச் சொல்லாதேன்னு. மறுநாள் இவ நேரா இங்க வந்துட்டா. சின்சேகிட்டயே கேட்டிருக்கா, அன்னைக்குத் திரைக்குப் பின்னால இருந்த ஆளுக்கு என்ன நோய், நான் தெரிஞ்சுக்கணும்னு. அவரு என்ன சொன்னாரு தெரியுமா? "அந்த அம்மா என் நோயாளி. ஒரு நோயாளியைப் பத்தி இன்னொருத்தர்கிட்ட நான் பேச மாட்டேன். நீங்க என்கிட்ட சொன்னதையும் நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. அந்த அம்மாவையே கேளுங்க. நல்லாக் கேளுங்க, விடாமக் கேளுங்க"ன்னாராம்.

பாருங்க, அப்பவும் அம்மாதான்! இவளாவது அது ஆம்பளைன்னு எடுத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லாம வந்துட்டா.

அன்னையிலேருந்து வீட்டுல ஒரு புது வழக்கம். சாப்பாட்டுத் தட்டை வச்சதும் கேப்பா, "அந்தப் பொம்பளை எப்படி இருக்கா?" நான் "நல்லா இருக்கா"ம்பேன். மறுநாளும் கேப்பா. "நல்லாத் தூங்கினாளா?" "தூங்கினா." "தண்ணி நிறையக் குடிக்கிறாளே?" "வெயில் காலம், குடிக்கிறா." இப்படியே மாசக்கணக்கா. அவளுக்கு வயசாகுது தம்பி, ஞாபக மறதியும் வந்துடுச்சு. என் கோப்பியில சீனி போட மறந்துடுறா. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, தினமும் மறக்குறா. தீபாவளிக்குக்கூட வீட்டுல அதிரசம் சுட மறந்துட்டா. நான் ஒண்ணும் சொல்றதில்ல. கோப்பிக்கடையில போயி இனிப்புக் கெட்டிப்பால் ஊத்திக் குடிச்சுக்குறேன்.

தைப்பூசத்துக்கு ஈப்போ கோயிலுக்கு வெறுங்காலோட நடந்தோம். நடந்து வந்து வீட்டுல உக்காந்தா, தரையெல்லாம் ரத்தக் கால்தடம். செண்பகவல்லிதான் பாத்து அலறினா. வலது பெருவிரலுக்குக் கீழ கண்ணாடித் துண்டு, இவ்வளவு நீளம், உள்ள ஏறியிருக்கு. வேற ஆளா இருந்தா அங்கயே உக்காந்து கத்தியிருப்பான். எனக்கு ஒண்ணுமே தெரியலை. உடம்பு அவ்வளவு கெட்டி.

கண்ணாடியை நானே எடுத்து, மஞ்சள் மருந்து வச்சுக் கட்டினேன். தோட்டத்துல ஆயிரம் காலு கட்டியிருப்பேன். ஆறிடுமா ஆறாதான்னு பாத்ததுமே சொல்லிடுவேன். இதைப் பாத்தேன். ஒண்ணும் சொல்லிக்கலை. மறுபடி கட்டினேன். அவ வந்து காட்டுங்கன்னா, காட்டலை. காலுறை போட்டுக்கிட்டேன். வீட்டுக்குள்ளயும் காலுறைதான், படுக்கும்போதும் காலுறைதான். ஒருநாள் தட்டை வச்சுட்டுக் கேட்டா, "அந்தப் பொம்பளையோட கால் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு"ன்னேன்.

அவ எழுந்து போகலை. எதுக்கால உக்காந்தா. அப்புறம் சொன்னா, "அவகிட்ட சொல்லுங்க. அவ வீட்டுக்காரரு ஒரு டிரெசராமே, அவரு பேச்சைக் கேக்க வேணாம்னு சொல்லுங்க. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்க. கூட வர்றதுக்கு நான் இருக்கேன்னும் சொல்லுங்க." சொல்லிட்டு அழுதா தம்பி. செத்த வீட்டுல அழுவாங்களே, அந்த மாதிரி இல்ல, சும்மா கண்ணுலேருந்து தண்ணி ஊத்துது, துடைக்கக்கூட இல்ல. ரசம் நல்லா இருக்குன்னேன்.

அதுக்கு அடுத்த செவ்வாய்தான் மொதல்ல இங்க வந்தேன். அவ கோயிலுக்குப் போயிருந்தா. நான் வந்தது அந்த மனுஷன்கிட்ட, ஐயா, அன்னைக்கு நீங்க பிடிச்சது ஆம்பளைக் கை, நான்தான் அது, உங்க பரீட்சையில நீங்க தோத்துட்டீங்கன்னு சொல்லத்தான். அதைச் சொல்லிட்டா என் வேலை முடிஞ்சுது. நம்பரைக் கூப்பிட்டாங்க. பக்கத்துல ஒரு கிழவி முதுகைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தது, அதை அனுப்பிட்டேன். ரெண்டாவது வாரம் ஒரு லோரிக்காரன். மூணாவது வாரம் பக்கத்துல யாருமே இல்ல. வாசல் வரைக்கும் போயி ஒரு ஆளைக் கூட்டியாந்து உக்கார வச்சு அனுப்பினேன். அந்த ஆளு கடுதாசி குடுக்க வந்தவன், நல்ல வேளை அவனுக்கும் இடுப்பு வலி இருந்தது.

ஏன்னு கேக்குறீங்க. எல்லாரும் ஏன்னுதான் கேப்பாங்க. அவரு கையைக் கேட்டா நான் என்ன பண்ணுறது? உண்மையைச் சொல்ல வந்த ஆளுகிட்ட கையைக் கேட்கக்கூடாதுதான். ஆனா கேப்பாரு. கையைக் குடுத்தா அந்தத் தலையணையில வச்சு, மூணு விரலை வச்சு... அன்னைக்கே அவ்வளவு நேரம் பிடிச்சாரு. இப்ப எவ்வளவு நேரம் பிடிப்பாரோ.

ஏன் அடிக்கடி கீழ பாக்குறீங்க? வாடையா? அது மருந்து வாடை. இந்தக் கடையில எத்தனை வேரு, எத்தனை பட்டை, பெட்டிக்குப் பெட்டி ஒரு வாடை. நீங்க வேணும்னா கொஞ்சம் தள்ளி உக்காருங்க, தப்பா நினைக்க மாட்டேன். நேத்துகூட பஸ்ல ஒரு அம்மா எழுந்து போயி நின்னுக்கிட்டாங்க.

பதினாறுன்னு கூப்பிட்டாங்களா? சரி, நீங்க போங்க தம்பி. இந்தாங்க என் நம்பர். எடுத்துக்குங்க, எனக்குப் பரவாயில்ல. ஏன் நிக்குறீங்க?

யாரு வர்றது? அவரே வெளிய வர்றாரு. அவரு எழுந்து வர மாட்டாரே, எப்பவும் உள்ளயேதானே இருப்பாரு. தம்பி, நீங்க அவர்கிட்ட போங்க, கழுத்து வலின்னு சொல்லுங்க. இல்ல, உங்களைப் பாக்கலை. என்னைத்தான். சின்சே, இவருக்குத்தான் வலி, நான் நோயாளி இல்ல, உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லிட்டுப் போகத்தான்... என்ன தம்பி இவரு, முக்காலியைத் தூக்கிட்டு வந்து என் முன்னால போடுறாரு. இல்ல, முக்காலி எனக்காம். காலைத் தூக்கி வைக்கவாம். அவரு தரையில உக்கார்றாரு. எழுபது வயசுக்கு மேல இருக்கும் தம்பி. எத்தனை பேரு பாக்குறாங்க. நான் தரையில உக்காந்து யாருக்கும் கட்டு போட்டதில்ல, பெஞ்சு மேல ஏறி நில்லும்பேன்.

வேணாம் சின்சே, ஷூவைத் தொடாதீங்க. நானே டிரெசர். நானே பாத்துக்குறேன். கயித்தை அவுக்குறாரு. விடுங்க, நானே அவுக்குறேன். காலுறையை இழுக்காதீங்க, ஒட்டிக்கிட்டிருக்கும். தண்ணி ஊத்தித்தான் எடுக்கணும். ஆமா, அப்படித்தான். மெதுவா. சரியாத்தான் எடுக்குறாரு. நீங்க அந்தப் பக்கம் திரும்பிக்குங்க தம்பி.

எங்க வலிக்குதுன்னு கேக்குறாரு.

அந்த விரலு, அதுக்குப் பக்கத்து விரலு, அடிப்பாதம். கறுத்துப்போச்சு. பத்து நாளாச்சு. அவரு அமுக்கிப் பாக்குறாரு, இங்க வலிக்குதா, இங்க வலிக்குதான்னு. எங்க அமுக்குறாருன்னு கண்ணால பாத்தாத்தான் எனக்குத் தெரியுது. முப்பத்தொரு வருஷம் புண்ணு கட்டினவனுக்கு, கறுத்த கால் வலிக்கலைன்னா என்ன அர்த்தம்னு ஒருத்தரும் சொல்ல வேண்டியதில்ல. பத்து நாளா எனக்கு அது தெரியும். இன்னும் கேட்டுக்கிட்டே இருக்காரு பாருங்க. நான் சொல்ற வரைக்கும் எழுந்திருக்க மாட்டாராம்.

தம்பி, எனக்கு மலாய் நல்லாத்தான் வரும். இதைச் சொல்லத்தான் வாய் வரலை. நீங்க சொல்லுங்க. எங்கயும் வலிக்கலைன்னு சொல்லுங்க. ஆளு ரொம்பப் பயந்துபோயிருக்கான்னும் சொல்லுங்க.